கர்ப்பகாலத் தளர்ச்சியும் தலைப்பிள்ளையின் குழப்படியும்

தமிழிலே ‘சவலை’ என்றொரு சொல் உண்டு. தாய்ப்பால் போதிய அளவு கிடையாமல், பெரும்பாலும் தாய் மீண்டும் கருவுற்றதனால் பால் மறுக்கப்பெற்று, உடல் மெலிந்து எதற்கெடுத்தாலும் அழுது நிற்கும் பிள்ளையை முன்னோர் சவலைப் பிள்ளை என்றனர். மேற்கு ஆபிரிக்காவிலும் இதற்கு ஒப்பான சொல்லொன்று வழங்கி வந்தது. அந்நாளில் கோல்ட் கோஸ்ட் எனப்பட்டதும் இன்று கானா எனப்படுவதுமாகிய நாட்டிற் பணியாற்றிய சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் வைத்தியர், குழந்தைகளுக்கு வரும் போசாக்குக் குறைபாட்டு நோயொன்றை 1935ஆம் ஆண்டில் ‘குவாசியோர்க்கர்’ என்ற பெயரோடு வைத்திய உலகுக்கு அறிவித்தார். அப்பெயர் அவர் புதிதாகப் படைத்ததன்று. அவ்வூரார் பேசிய கா மொழியிலிருந்து எடுத்தது. அடுத்த குழந்தையின் வரவால் இடம் இழந்த பிள்ளையை வருத்தும் நோய் என்பது அதன் கருத்து. ஒருவரையொருவர் அறியாத இரு மக்கட் கூட்டத்தார், வயிற்றில் ஒரு பிள்ளை வளர்கையில் மடியிலிருக்கும் பிள்ளை மாறிப்போகிறது என்பதைத் தனித்தனியே கண்டு அதற்கொரு பெயரும் இட்டிருக்கின்றனர்.

உடல் மெலிவுக்கு மருந்து உணவு. அதைப் பற்றி இன்று பலரும் அறிவர். ஆனால் பால் மறந்து, சோறுண்டு, கொழுகொழுவென்றிருக்கும் மூன்று வயதுப் பிள்ளையும் தாய் கருவுற்ற காலத்தில் சவலையாவதுண்டு. அதன் மனமே அப்போது மெலிகின்றது. கர்ப்பம் சுகமாகச் செல்லும் வீட்டில் இம்மாற்றம் வந்த சுவடு தெரியாமற் போய்விடும். கர்ப்பம் நோயோடு கூடிவிட்டாலோ வீடே நிலைகுலைந்து விடுகின்றது.

அத்தகைய வீடொன்றை எண்ணிப் பார்க்கலாம். தாய்க்கு மூன்றாம் மாதம். விடிந்தது முதற் சத்தி. வெந்நீர் குடித்தாலும் வயிற்றில் நிற்பதில்லை. அடுக்களையில் வெங்காயம் தாளிக்கும் மணம் எழுந்தால் அறைக்கதவைச் சாத்த வேண்டியிருக்கிறது. நேற்றுவரை அவள் கையால் உண்டு அவள் பக்கத்திலே உறங்கிய மகன், இன்று சோற்றுக்கோப்பையைத் தட்டிவிடுகிறான். சொல்லிவிட்டுச் சிறுநீர் கழிக்கப் பழகியவன் பாயை நனைக்கிறான். அம்மம்மாவின் கையைக் கடிக்கிறான். கட்டிலில் ஏறித் தாயின் வயிற்றின்மேற் குதிக்கிறான். தடுக்க எழுந்தால் அவளுக்குத் தலை சுற்றுகிறது. படுத்தபடி அதட்டினால் அவன் சிரிக்கிறான். முடிவில் கைக்கெட்டிய விசிறிக் காம்பால் ஓர் அடி விழுகிறது. பிறகு இருவரும் அழுகின்றனர். பார்க்க வந்த அயலார், ‘செல்லம் கொடுத்துக் கெடுத்த பிள்ளை’ என்று சொல்லிப் போகின்றனர்.

இதில் முதலில் தெளிய வேண்டியது தாயின் நோய் உண்மையான நோய் என்பது. மசக்கை எல்லாப் பெண்களுக்கும் வருவதுதானே, மனம் வைத்தால் எழும்பி நடக்கலாம் என்று சொல்லும் வழக்கம் இன்னும் மாறவில்லை. கருவுற்ற பெண்களில் மிகப் பெரும்பாலோருக்குக் குமட்டல் உண்டு என்பது மெய்யே. ஆயினும் 100 பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ அது எல்லை கடந்து, உடலின் நீர் வற்றி, நிறை குறைந்து, வைத்தியசாலையிற் சேலைன் ஏற்றவேண்டிய நிலைக்குக் கொண்டுபோய் விடுகின்றது. சூல்வித்தகத்திலிருந்து தாயின் குருதியிற் கலக்கும் ஜி.டி.எப்.15 என்னும் ஓமோன் இதற்கு முதன்மையான காரணம் என்பது 2023ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியால் தெளிவாயிற்று. கருவுறுமுன் அந்த ஓமோன் உடலிற் குறைவாக இருந்த பெண்ணுக்கு, கருவுற்றபின் அதன் பெருக்கம் தாங்க முடியாததாகிறது. மனவுறுதிக்கும் இதற்கும் தொடர்பில்லை. சத்தியேயன்றி, சூல்வித்தகம் கருப்பையின் வாயிலில் தாழ்ந்திருத்தல், குருதியமுக்கம் ஏறுதல் போன்ற வேறு இடர்களாலும் ஒரு தாய் ஓடியாடும் பிள்ளையின் பின்னே செல்ல முடியாதவளாகலாம். மூன்று வயதுப் பிள்ளை சுமார் 14 கிலோகிராம் நிறையுடையது. அதைத் தூக்கலாமா என்பதை அவளைப் பார்க்கும் வைத்தியரே சொல்ல வேண்டும். எல்லாக் கர்ப்பிணிகளையும் மாதக்கணக்கிற் படுக்கையில் வைத்திருக்கும் முறையை இன்றைய வைத்தியம் ஏற்பதில்லை. நெடுநாட் படுக்கையால் காலில் குருதி உறைதல் போன்ற தீங்குகளே மிகுதி.

இனிப் பிள்ளையின் பக்கம். தாய் வெளியூர் சென்றிருந்தால், அவள் இல்லை என்பதையாவது அது அறியும். இங்கே அவள் இருக்கிறாள். திரைச்சீலைக்கு அப்பால் அவள் குரல் கேட்கிறது. ஆனால் வா என்றால் வருவதில்லை, தூக்கு என்றால் தூக்குவதில்லை. இன்னும் சில மாதத்தில் எல்லாம் சரியாகும் என்பது மூன்று வயதுக்கு விளங்கும் பேச்சன்று. அவ்வயதுக்கு ‘நாளை’யே நெடுந்தூரம். சொல்லால் கேட்கத் தெரியாத கேள்வியை அது கையாலும் காலாலும் கேட்கின்றது. கோப்பையைத் தட்டினால் தாயின் முகம் இந்தப் பக்கம் திரும்புகிறது. கடித்தால் அவள் எழுந்தே வந்துவிடுகிறாள். அடி வாங்கினாலும் அவள் வந்தாளே என்பது அதற்குப் பெரிது.

தாயைப் பிரிந்த பிள்ளைகளுக்கு என்ன நேர்கிறது என்பதை இங்கிலாந்தில் ஜேம்ஸ் றொபேட்சன், ஜொயிஸ் றொபேட்சன் என்னும் தம்பதியர் படக்கருவி கொண்டு நாள்தோறும் பதிவு செய்தனர். தாய் மகப்பேற்றுக்காக வைத்தியசாலை செல்ல நேர்ந்த குடும்பங்களின் சிறு பிள்ளைகளையே அவர்கள் கவனித்தனர். 1969ஆம் ஆண்டில் வெளியான படத்தில் வருபவன் 17 மாதச் சிறுவன். அவனை 9 நாள்கள் குழந்தைகள் விடுதியொன்றில் விட்டிருந்தார்கள். அங்கிருந்த தாதியர் கொடியவர் அல்லர், அன்பானவர்களே. ஆனால் ஒருவர் மாறி ஒருவர் வேலைக்கு வந்தனர். எந்தத் தாதியும் அவனுக்கென்று இருக்கவில்லை. ஒவ்வொருவரையும் அணுகிப் பார்த்தான். வலிய பிள்ளைகள் முந்திக்கொண்டன. பின்னர் பெரிய கரடிப் பொம்மையொன்றைக் கட்டிக்கொண்டு கிடந்தான், உணவை மறுத்தான், அழுது ஓய்ந்தான். 9ஆம் நாள் தாய் வந்து கையை நீட்டியபோது, அவளிடம் போகாமல் வீறிட்டுத் திமிறினான்.

வேறு நான்கு பிள்ளைகளை அத்தம்பதியர் தங்கள் இல்லத்திலேயே வைத்துப் பார்த்தனர். பிரிவுக்கு முன்பே பிள்ளையை வீட்டுக்கு வரச்செய்து பழக்கினர், அது எதை உண்ணும், எப்படி உறங்கும் என்பவற்றைத் தாயிடம் கேட்டறிந்தனர், தாயைப் பற்றிய பேச்சை விடாமற் பேசினர், அவள் படத்தைக் காட்டினர், தந்தையை வரச்செய்தனர். அப்பிள்ளைகளும் ஏங்கின, கோபங்கொண்டன; ஆயினும் உடைந்துபோகவில்லை. வேறுபாடு செய்தவை மூன்று: பார்ப்பவர் ஒருவராக இருந்தது, பிள்ளையின் வழக்கம் மாறாதிருந்தது, தாயின் பெயர் மறைக்கப்படாதிருந்தது.

இலங்கையிலே கூட்டுக்குடும்பம் இருக்கும் வீடுகளில் இதற்கு ஆள் இல்லை என்று சொல்வதற்கில்லை. இடர், ஆள் மிகுதியால் வருகின்றது. காலையில் அம்மம்மா, மத்தியானம் சின்னம்மா, மாலையில் அயல்வீட்டு அக்கா என்று பிள்ளை கைமாறுகிறது. ஒருவர் இனிப்புக் கொடுத்து அழுகை நிறுத்துகிறார், ஒருவர் பூச்சாண்டி காட்டுகிறார். ‘குழப்படி செய்தால் அம்மாவை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோய் விடுவார்கள்’ என்று வெருட்டுபவரும் உண்டு. அவள் உண்மையிலேயே சேலைன் ஏற்றுவதற்குப் போகும் நாளில் அப்பிள்ளை என்ன எண்ணும் என்பதை அவர் நினைப்பதில்லை. குளிப்பாட்டுதலும் உணவூட்டலும் உறங்கவைத்தலும் இயன்றவரை ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும். தந்தைக்கு அது இயலுமாயின் மிக நன்று. பின்னர் தாய் மகப்பேற்றுக்குப் போகும் வேளையிலும் அந்தப் பழக்கம் கைகொடுக்கும். மலையகத் தோட்டங்களிற் பிள்ளைக்காம்பராவில் விடப்படும் பிள்ளைகளுக்கு, அங்குள்ள ஆயாவிடம் வீட்டு நிலைமையை ஒரு சொல்லாவது சொல்லி வைத்தல் பெருந்துணையாகும்.

தாய் செய்யக்கூடியது யாது? நாள் முழுதும் பிள்ளையோடு இருக்க முயன்று, முடியாமற் சினந்து, பின் வருந்துவதைக் காட்டிலும், குறித்த ஒரு சிறுபொழுதை அதற்கென்று ஒதுக்குவது மேலானது. சத்தி தணியும் வேளை எது என்பதை அவளே அறிவாள். சிலருக்கு அது பிற்பகல், சிலருக்கு அந்தி. அப்போது பத்து நிமிடம் போதும். படுத்தபடியே ஆடும் ஆட்டங்கள் எத்தனையோ உள. அவள் நோயாளி, பிள்ளை வைத்தியர். அவள் முதுகு தெருவீதி, அவன் விரல்கள் மாட்டுவண்டி. புளியங்கொட்டைகளை அவன் பரப்ப அவள் எண்ணுவது. அந்தப் பத்து நிமிடத்தில் திருத்தமும் அறிவுரையும் வேண்டா; அவன் போக்கிலே விடவேண்டும். நாள்தோறும் அதே வேளையில் வருவதுதான் அதன் பயன். ‘சாப்பிட்டு முடிந்ததும் அம்மாவிடம் போகலாம்’ என்று சொன்னால் பிள்ளை நம்பக்கூடியதாக இருக்க வேண்டும். குமட்டல் மிகுந்து ஒரு நாள் தவறினால், தவறியது என்று சொல்லிக் கைபிடித்துப் படுத்திருந்தாலும் போதும்.

அடத்திற்கு இணங்குதல் பற்றியும் ஒரு சொல். அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்தில் நெடுங்காலம் குடும்பங்களை வீட்டுக்கே சென்று கவனித்த ஜெரால்ட் பற்றர்சன், 1982ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் ஒரு சுழலை விளக்கினார். பிள்ளை பிஸ்கோத்துக் கேட்கிறது, தாய் மறுக்கிறாள், அது வீறிடுகிறது, அவள் அதட்டுகிறாள், அது தரையில் உருள்கிறது, அவள் சோர்ந்து கொடுத்துவிடுகிறாள். பிள்ளைக்குப் பிஸ்கோத்து, தாய்க்கு அமைதி. இருவருக்கும் ஊதியம் கிடைத்ததால், நாளை அதே வழியில் இன்னும் விரைவாகச் செல்வர். உடல் தளர்ந்த தாய் இச்சுழலிற் சிக்குவது எளிது. அமைதிதான் அவளுக்கு அப்போது உயிர். ஆதலால் மறுக்க வேண்டியவற்றை மிகச் சிலவாக்கிக் கொள்வதே அறிவு. கடித்தல், வயிற்றில் மிதித்தல், அடுப்பருகே போதல், இம்மூன்றையும் வீட்டில் எவரும் எந்நாளும் விடக்கூடாது. எஞ்சியவற்றிற் கேட்டவுடனே கொடுக்கக்கூடியதைக் கொடுத்துவிடலாம். அழுதபின் கொடுப்பதுதான் தீங்கு. இவ்வாறு உறுதியாக நிற்கத் தொடங்கும் முதற் சில நாள்களில் அடம் முன்னையிலும் மிகும் என்பதை வீட்டார் அறிந்திருத்தல் வேண்டும். அறியாதவர் நான்காம் நாளில் மனம் மாறிவிடுவர்.

வயிற்றில் விழுந்த உதையை நினைத்து இரவெல்லாம் அஞ்சும் தாய்மார் உளர். முதல் மூன்று மாதங்களிற் கருப்பை இடுப்பெலும்பின் காப்பினுள் இருக்கிறது. அதன் பின்னரும் பன்னீர்க்குடத்து நீர் சிசுவைத் தாங்குகின்றது. சிறு பிள்ளையின் காலடி பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. எனினும் பலமான இடியின் பின் வயிற்றுவலியோ குருதிப் போக்கோ காணப்பட்டால், அல்லது சிசுவின் அசைவு குறைந்தால், தாமதியாமல் வைத்தியசாலை செல்ல வேண்டும். வாகனம் இல்லாதவர்க்கு 1990 என்ற இலக்கத்தில் இலவச அம்புலன்ஸ் உண்டு.

தூக்க முடியாமைக்குப் பிறவாத குழந்தையைக் காரணங்காட்டுதல் பலரும் அறியாமற் செய்யும் பிழை. ‘பாப்பா இருக்கிறது, அதனால் அம்மா தூக்கமாட்டேன்’ என்று கேட்டுக்கேட்டு வளரும் பிள்ளைக்குப் பாப்பாவின் மேல் அன்பு எங்கிருந்து வரும்? ‘அம்மாவுக்கு வயிறு பிரட்டுகிறது, நீ பக்கத்தில் ஏறிவா’ என்பதே உண்மையும் ஆகும். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் 40 குடும்பங்களை ஆராய்ந்த ஜூடி டன், கரோல் கென்றிக் என்னும் இரு பெண்மணிகள் 1982ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவுகளில் ஒன்று இங்கே பொருந்தும். புதிய குழந்தைக்கும் பசியும் விருப்பமும் உண்டு என்று தாய் தலைப்பிள்ளையோடு பேசிவந்த வீடுகளில், பின்னாளில் அவ்விரு பிள்ளைகளுக்கும் இடையே நட்பு மிகுதியாகக் காணப்பட்டது.

எவரிடமும் சொல்லாமல் தாய் மனத்துள் வைத்திருக்கும் ஒன்றும் உண்டு. சில கணங்களில் அந்தப் பிள்ளையின் மேல் அவளுக்கு வெறுப்பே வருகின்றது. இங்கிலாந்தின் பி.பி.சி. வானொலியில் தாய்மாருக்கெனப் பேச்சுகள் நிகழ்த்திப் புகழ்பெற்ற குழந்தை வைத்தியர் டொனால்ட் வினிக்கொட், 1949ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றில், தாய் தன் குழந்தையை வெறுக்கக் காரணங்கள் பல உண்டு என்று கூறி அவற்றைப் பட்டியலிட்டே காட்டினார். வெறுப்பை உணர்ந்தும் அதன்படி நடவாதிருக்கும் தாயின் ஆற்றலே அவரை வியக்கச் செய்தது. ஆயினும் அந்த உணர்ச்சி கிழமைக்கணக்காக நீங்காமல், உறக்கமின்றி, எதிலும் நாட்டமின்றி, உயிர் வாழ்வதே வீண் என்னும் நினைவு வந்தால் அது நோயின் அறிகுறி. வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் அதையும் சத்தியைச் சொல்வது போலவே சொல்லிவிட வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கமும் இதற்கென்றே உள்ளது.

பிள்ளையின் நடத்தை எல்லாவற்றையும் கர்ப்பத்தின்மேற் சுமத்துவதும் சரியன்று. கருவுறுமுன்னரே பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத, வயதுக்கேற்ற பேச்சு வராத, பிறரோடு விளையாட நாடாத, தன் தலையைச் சுவரில் மோதிக்கொள்ளும் பிள்ளைக்கு வேறு காரணம் இருக்கலாம். குழந்தையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு சுகாதார வைத்திய அதிகாரியின் கிளினிக்குக்குச் செல்வது, மகப்பேறு முடியட்டும் என்று தள்ளிவைக்கக்கூடாத காரியம்.

பெரும்பாலோருக்கு 20ஆம் கிழமையளவில் சத்தி தணிகின்றது. சிலருக்கு மகப்பேறு வரை நீடிப்பதும் உண்டு. தாய் எழுந்து அடுக்களைக்கு வந்ததும் பிள்ளை மகிழ்ந்து திருந்திவிடும் என்று எதிர்பார்த்தவர் ஏமாறுவர். அவள் இல்லாத நாள்களில் அம்மம்மாவிடம் ஒழுங்காக உண்டவன், இப்போது அவளிடம் மட்டும் வீம்பு செய்வான். முந்தானையைப் பிடித்துக்கொண்டு கிணற்றடி வரை வருவான். அவள் மலங்கழிக்கப் போனாலும் கதவைத் தட்டுவான். இது சில கிழமைகள் செல்லும். பிறகு ஒரு நாள் முற்றத்தில் கோழிக்குஞ்சையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையையோ கண்டு, பிடித்த சேலையை விட்டுவிட்டு, திரும்பிப் பாராமல் ஓடுவான்.