கூட்டு வேலையும் வாய்ச்சொல்லும்

தோட்டத்தில் ஒருவர் தனியாகவே செய்து முடிக்கும் வேலை உண்டா? செம்பனைக் காட்டையே எடுத்துக்கொள்வோம். ஒருவர் குலையை வெட்டுகிறார். ஒருவர் உதிரிப் பழங்களைப் பொறுக்குகிறார். ஒருவர் டிராக்டரில் ஏற்றிப் போகிறார். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்விடுவது நல்லது. தாமதமானால் அமிலம் கூடி எண்ணெயின் தரம் குறையும். எந்த நிரையில் குலை கிடக்கிறது என்று வெட்டியவர் சொல்லாவிட்டால், டிராக்டர்காரர் என்ன செய்வார்? அத்தனை பேர் உழைப்பும் மரத்தடியில் கிடக்கும்.

ஆகவே, கூட்டு வேலையில் கையைப் போலவே வாயும் உழைக்க வேண்டும். யார் யாரிடம் பேசுகிறார், யார் யாரை நம்புகிறார் என்பதைப் பொறுத்தே வேலை நடக்கிறது. இதற்கு இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்கள் நல்ல சான்று.

அங்கே பழைய முறையில் இரண்டு மூன்று பேர் ஒரு சிறு குழுவாக இருந்தார்கள். கூட்டாளியை அவர்களே தேர்ந்தெடுத்தார்கள். கரியை வெட்டுவது முதல் அள்ளுவது வரை எல்லாம் அவர்கள் பொறுப்பு, கூலியும் பொது. ஒருவர் விபத்தில் அடிபட்டாலோ இறந்தாலோ, அவர் குடும்பத்தைக் கூட்டாளி பார்த்துக்கொள்வதும் உண்டு.

பிறகு இயந்திரங்கள் வந்தன. சுமார் 40 பேரை மூன்று ஷிப்டுகளாகப் பிரித்தார்கள். முதல் ஷிப்டு கரியின் அடியை அறுத்துத் துளையிடும். அடுத்தது கரியைக் கொண்டுசெல்லும் இயந்திரத்தை நகர்த்தி வைக்கும். மூன்றாவது கரியை அள்ளும். ஒரு ஷிப்டில் குறை வைத்தால் அடுத்த ஷிப்டுக்காரர் தலையில் விடியும். ஆனால் அவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பதே அரிது. பேச்சு நின்றது, பழி சொல்வது வளர்ந்தது, வேலைக்கு மட்டம் போடுவதும் பெருகியது.

எரிக் டிரிஸ்ட் என்ற அறிஞரும், முன்பு சுரங்கத் தொழிலாளியாக இருந்த கென் பாம்ஃபோர்த்தும் இதை ஆராய்ந்து 1951-இல் எழுதினார்கள். இயந்திரத்தை மட்டும் அவர்கள் குறை சொல்லவில்லை. மனிதர்களைக் கட்டியிருந்த உறவை அறுத்துவிட்டு வேலையைப் பங்கிட்டதே கோளாறு என்றார்கள். தெற்கு யார்க்‌ஷயரில் ஒரு சுரங்கத்தில், புதிய முறையிலும் தொழிலாளர்கள் குழுவாகச் சேர்ந்து, வேலைகளை மாற்றி மாற்றிச் செய்து, பொறுப்பைத் தாங்களே ஏற்றார்கள். அங்கே விபத்தும் குறைவு, மட்டம் போடுவதும் குறைவு, உற்பத்தியோ அதிகம்.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியவை மூன்று. முதலாவது, ஒருவர் வேலையை முடித்துக் கொடுக்கும்போது, "இது முடிந்தது, இது பாக்கி, இங்கே ஆபத்து" என்று அடுத்தவரிடம் நேரில் சொல்ல வேண்டும். மின்கம்பிக்கு அருகில் நிற்கும் மரத்தைப் பற்றிச் சொல்லாமல் போனால், போவது கூலி மட்டுமல்ல, உயிரும்தான்.

இரண்டாவது, எல்லாச் செய்தியும் ஒரே ஆளிடம் தங்கக்கூடாது. மண்டோருக்கு மட்டுமே தெரிந்த விஷயம், மண்டோருக்குக் காய்ச்சல் வந்தால் அவரோடு படுத்துவிடும். இன்னும் இரண்டு பேருக்காவது அது தெரிந்திருக்கட்டும்.

மூன்றாவது, நம் குழுவில் யாரோடும் பேசாமல் ஒதுங்கி நிற்பவர் யார் என்று பாருங்கள். அவர் நேற்று வந்த புதியவராக இருக்கலாம். நம் மொழி தெரியாத வெளிநாட்டுத் தொழிலாளியாகவும் இருக்கலாம். எச்சரிக்கை கடைசியாகப் போய்ச் சேர்வது அவருக்குத்தான். சாப்பாட்டு நேரத்தில் அவரையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

கோயில் திருவிழாவுக்குத் தோரணம் கட்டும்போது இதையெல்லாம் நாம் இயல்பாகவே செய்கிறோம். ஏணியைப் பிடிப்பவரும் கயிற்றை இழுப்பவரும் குரல் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். அந்தக் குரல் நாளைக் காலை வேலைக் காட்டிலும் கேட்கட்டும்.