பீரங்கி வரைந்த நகரம்

நீர், நிலம், மலை, காடு ஆகிய நான்கும் அமைந்ததே அரண் என்பது திருவள்ளுவர் வகுத்த இலக்கணம். சென்னையின் புனித ஜார்ஜ் கோட்டைக்கு மலைக்காப்பும் இல்லை; காட்டுக்காப்பும் இல்லை. கிழக்கே கடலும் ஏனைய திசைகளில் சமவெளியுமே இருந்தன. இயற்கை தராத காப்பைப் பீரங்கிகளே தர வேண்டியிருந்தது. அந்தப் பீரங்கிகளின் தேவை, கோட்டைக்கு வெளியே வாழ்ந்த மக்களின் ஊரையும் மாற்றியமைத்தது.

கோட்டையும் ஊரும்

1639ஆம் ஆண்டு, கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்த பிரான்சிஸ் டே, இப்பகுதியை ஆண்ட நாயக்கரிடமிருந்து கடற்கரையில் கோட்டை கட்டும் உரிமையைப் பெற்றார். மறு ஆண்டில் பணிகள் தொடங்கின. இங்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்க, பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த மசூலாப் படகுகளே அலைகளைக் கடந்து சரக்குகளைக் கரைசேர்த்தன.

மதிலுக்குள் ஐரோப்பியர் வாழ்ந்தனர். நெசவாளரும் வணிகரும் துபாஷிகளும் மதிலுக்கு வடக்கே குடியேறினர். அவ்வூரை ஆங்கிலேயர் ‘கறுப்பர் நகரம்’ என்றனர். அதன் வீடுகளும் கடைகளும் கோயில்களும் மதிலை ஒட்டி நெருங்கி நின்றன.

மதில் கற்ற பாடம்

1746 செப்டம்பரில் லா பூர்தொனே தலைமையில் பிரெஞ்சுக் கடற்படை சென்னையைத் தாக்கியது. சில நாள்களிலேயே கோட்டை பணிந்தது. கோட்டையைக் கைப்பற்றிய பிரெஞ்சுக்காரர், வடமதிலை அடுத்திருந்த வீடுகளை இடித்துத் தள்ளினர். உடன்படிக்கையின்படி 1749இல் கோட்டை ஆங்கிலேயரிடம் திரும்பியது.

அதனை வலுப்படுத்தக் கம்பெனி அனுப்பிய பொறியாளர் பெஞ்சமின் ராபின்ஸ், ஒரு கணித அறிஞர். பாய்ந்து செல்லும் குண்டின் வேகத்தை ஊசல் ஒன்றின் துணையால் அளந்து காட்டியவர். காற்றின் தடை, முன்னோர் கருதியதைவிட மிகப் பெரிது என்று நிறுவியவர். 1750இல் இந்தியா வந்த அவர், மறு ஆண்டே கடலூருக்கு அருகிலுள்ள புனித டேவிட் கோட்டையில் இறந்தார். பணியை அவருக்குப் பின்வந்த பொறியாளர்கள் தொடர்ந்தனர்.

அக்காலக் கோட்டைக் கலையின் அடிப்படை எளிது. நேராகச் செல்லும் மதிலின் அடிவாரத்தை மதில்மேல் நிற்கும் பீரங்கியால் தாக்க இயலாது. எனவே, மதிலிலிருந்து முனைபோல் நீளும் கொத்தளங்கள் அமைக்கப்பட்டன. ஒரு கொத்தளத்துப் பீரங்கி, அடுத்த கொத்தளத்தின் பக்கவாட்டைக் காத்தது. ஆயினும், எதிரி மறைந்து நிற்க வீடுகள் அருகில் இருந்தால் இவ்வமைப்பு பயனற்றுப் போகும். ஆகவே, குண்டு பாயும் வழியில் வெட்டவெளி தேவைப்பட்டது.

வெட்டவெளியின் விலை

அவ்வெளிக்காகப் பழைய ஊர் படிப்படியாக அகற்றப்பட்டது. 1757இல் சென்ன கேசவப் பெருமாள் கோயிலும் இடிக்கப்பட்டது. பின்னர், மணலி முத்துகிருஷ்ண முதலியாரின் முயற்சியால் அது இன்றைய பூக்கடைப் பகுதியில் மீண்டும் எழுந்தது.

1758 டிசம்பரில் லாலி தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை, கறுப்பர் நகரத்தைக் கைப்பற்றிச் சூறையாடியது. கோட்டையை இரண்டு மாதம் முற்றுகையிட்டது. இம்முறை கோட்டை தாங்கி நின்றது. 1759 பிப்ரவரியில் ஆங்கிலேயரின் கப்பல்கள் வந்து சேர்ந்ததும் முற்றுகை நீங்கியது. மதிலுக்குள் இருந்தோர் காக்கப்பட்டனர்; வெளியே இருந்தோரின் உடைமைகள் பறிபோயின.

புதிய ஊர், வெளிக்கு அப்பால் தள்ளி அமைந்தது. அதன் எல்லையைக் குறிக்க 1773இல் நாட்டப்பட்ட தூண்களுள் ஒன்று பாரிமுனையில் இன்றும் நிற்கிறது. ‘எஸ்பிளனேடு’ என்று வழங்கும் பெயரும் அவ்வெட்டவெளியைக் குறித்ததே.

எம்டன் வந்த இரவு

1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைக் கடலில் தோன்றியது. ஏறத்தாழ 130 குண்டுகளை வீசி, துறைமுகத்தை அடுத்திருந்த எண்ணெய்க் கிடங்குகளைத் தீக்கிரையாக்கியது. கரையிலிருந்த பீரங்கிகள் பதிலுக்குச் சுட்டும் ஒரு குண்டுகூட அதன்மேல் படவில்லை. இருளில் வந்து, சிறிது நேரத்தில் மறைந்துவிடும் நீராவிக் கப்பலுக்கு முன், கொத்தளமும் அகழியும் பொருளிழந்தன. திறமையும் தந்திரமும் மிக்கவரை ‘எம்டன்’ என்று அழைக்கும் வழக்கம் தமிழில் நிலைத்தது.

இன்று

பீரங்கிகளுக்காக ஊர் அகற்றப்பட்ட நிலத்தில், 1892ஆம் ஆண்டு முதல் உயர்நீதிமன்றக் கட்டடம் நிற்கிறது. பழைய பீரங்கிகள் கோட்டை அருங்காட்சியகத்தில் காட்சிப்பொருள்களாயின. கோட்டைக்குள் தமிழ்நாட்டின் சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் இயங்குகின்றன. எம்மக்களின் வீடுகள் இம்மதிலின் பாதுகாப்பிற்காக இடிக்கப்பட்டனவோ, அம்மக்களின் வழிவந்தோர் தேர்ந்தெடுத்த உறுப்பினர்களே இன்று அம்மதிலுக்குள் அமர்ந்து சட்டம் இயற்றுகின்றனர்.