தலைக்கட்டு வரி பிரிக்காத சித்திரை

திருநெல்வேலிச் சீமைக்காரர் எந்த ஊரில் பிழைத்தாலும் தீபாவளிக்கு வராமல் இருந்துவிடுவார். பங்குனி உத்திரத்துக்கு வராமல் இருக்க மாட்டார். அது அவருடைய குலதெய்வமான சாஸ்தாவைப் பார்க்கும் நாள். குளத்தங்கரையிலும் வயல் நடுவிலும் மலையடிவாரத்திலும் ஆண்டு முழுக்க ஆளரவம் இல்லாமல் கிடக்கும் சாஸ்தா கோயில்களில் அன்றைக்குக் கால் வைக்க இடம் இருக்காது. அங்காளி பங்காளிகள் வேன் பிடித்து வந்து, அடுப்புக் கூட்டி, பொங்கல் வைத்து, பிள்ளைகளுக்கு முடி எடுத்து, சாயங்காலம்தான் திரும்புவார்கள். தங்கள் சாஸ்தா எந்த ஊரில் இருக்கிறார் என்பது தாத்தா காலத்தோடு மறந்துபோன குடும்பங்களுக்கும் வழி உண்டு. பாபநாசத்துக்கு மேலே, காரையாற்றில் சொரிமுத்து அய்யனாரிடம் போய் நின்றால் போதும்.

2020-ல் உத்திரம் ஏப்ரல் 6 அன்று வந்தது. மார்ச் 24 மாலையே தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு. நள்ளிரவிலிருந்து நாடு முழுக்க ஊரடங்கு. நெல்லை எக்ஸ்பிரஸ் ஓடவில்லை. உள்ளூரில் இருந்தவர்களே கோயிலுக்குப் போக முடியாதபோது சென்னைக்காரர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பிடிமண் எடுத்துப்போய் வெளியூரில் சாஸ்தாவை வைத்திருந்தவர்கள் அங்கேயே விளக்கேற்றினார்கள். மற்றவர்கள் வீட்டு மூலையில் ஒரு செம்பில் தண்ணீர் வைத்து, வடக்கிலோ தெற்கிலோ ஊர் இருக்கும் திசை பார்த்துக் கும்பிட்டார்கள். எட்டு நாள் கழித்து சித்திரை விசு. பாபநாசம் படித்துறையில் அன்று விடியற்காலையில் முங்கி எழாதவர்கள் இந்தப் பக்கம் குறைவு. அந்த விசுவுக்குப் படித்துறை காலியாகக் கிடந்தது.

2018 அக்டோபரில் இதே தாமிரபரணி ஆற்றில் மகா புஷ்கர நீராட்டு விழா நடந்தது. பாபநாசத்திலிருந்து புன்னைக்காயல் வரை படித்துறைக்குப் படித்துறை தலைகளாகத் தெரிந்தன. இடையில் ஒன்றரை வருடம்தான்.

ஊரடங்கு நாட்களில் பத்திரிகைகளிலும் வாட்ஸ்அப்பிலும் ஒரு பேச்சு அடிக்கடி வந்தது. கூட்டமும் ஆடம்பரமும் இல்லாமல், வீட்டளவில் பண்டிகை கொண்டாடுவது எவ்வளவு நிறைவாக இருக்கிறது என்று பலர் எழுதினார்கள். அதில் பொய் இல்லை. ஆனால் அது பாதிக் கதை. வீட்டுக்குள் முடிகிற பண்டிகைகள் தப்பித்துவிட்டன. திருக்கார்த்திகைக்குப் பனங்குருத்து வெட்டி வந்து ஓலைக் கொழுக்கட்டை அவித்தார்கள்; ஆடிச் செவ்வாய்க்கு உளுந்தஞ்சோறு பொங்கி எள்ளுத் துவையல் அரைத்தார்கள். ஊர் கூடி நடத்துகிற பண்டிகைகள் நின்றுபோயின. அந்தப் பண்டிகைகளை நம்பி உலை வைத்தவர்கள்தான் விழுந்தார்கள். நிறைவாக இருந்தது என்று எழுதியவர்கள் அவர்கள் அல்லர்.

தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் ஊர்ப் பண்டிகை என்றால் கொடை. முத்தாரம்மனுக்கு, உச்சினிமாகாளிக்கு, சுடலைமாடனுக்கு, இசக்கிக்கு என்று ஒவ்வொரு ஊரிலும் ஒன்றுக்கு மேல் நடக்கும். பங்குனியில் தொடங்கினால் சித்திரை, வைகாசி, பிறகு ஆடி, ஆவணி என்று செவ்வாயும் வெள்ளியும் ஏதாவது ஓர் ஊரில் மேளச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஊர்க்கூட்டம் போட்டு, ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி பிரிப்பதில் கொடை தொடங்குகிறது. அப்புறம் வில்லுப்பாட்டுக்கு, மேளத்துக்கு, பந்தலுக்கு, பூவுக்கு, ஒலிபெருக்கிக்கு என வெற்றிலை பாக்கோடு அச்சாரம் போகும். கால்நாட்டு ஆகிவிட்டால் பின்வாங்க முடியாது.

மேடையில் வில்லுப்பாட்டுக் குழு. வில், குடம், உடுக்கை, தாளம், கட்டை. சாமி பிறந்தது முதல் ஊருக்கு வந்து நிலையம் கொண்டது வரை கதை விடிய விடிய ஓடும். நள்ளிரவுச் சாமக்கொடைக்குக் கதை உச்சத்தில் ஏறும்போதுதான் சாமியாடிகளுக்கு அருள் வரும். பாட்டு நின்றால் சாமி வராது. அதனால் வில்லுக்காரரைக் கூலிக்கு வந்த ஆளாக ஊர் நினைப்பதில்லை. கோடி வேட்டி கொடுத்துத்தான் அனுப்பும். சுடலை கோயிலில் கணியான் கூத்து. தலைமைப் பாடகரான அண்ணாவி பாட, இருவர் மகுடம் என்ற பறை அடிக்க, இருவர் பெண் வேடம் கட்டி ஆடுவார்கள். தோலை மர வளையத்தில் இறுக்கிய மகுடம் தீயில் காட்டிக் காட்டிச் சூடேற ஏற ஒலி மாறும். ஒன்று உச்சக்குரல், ஒன்று மந்தக்குரல். கணியான் மக்கள் தொகை மிகக் குறைந்த பழங்குடி. இந்தக் கூத்து அவர்களுக்குப் பரம்பரை உரிமை. தென்மாவட்டங்களைத் தாண்டினால் இதைக் கூப்பிட ஆளில்லை.

இவர்கள் எல்லோருக்கும் வருடத்துச் சம்பாத்தியம் ஐந்தாறு மாதக் கொடைக் காலத்தில்தான். 2020-ல் அது முழுதாகப் போனது. செப்டம்பர் 1-ல் கோயில்கள் திறந்தபோது கொடைக் காலம் ஏறக்குறைய முடிந்திருந்தது; திருவிழாக் கூட்டத்துக்கு அப்போதும் அனுமதி இல்லை. 2021-ல் பங்குனி ஓரளவு நடந்தது. சித்திரையில் இரண்டாம் அலை, மே 10 முதல் மறுபடி முழு ஊரடங்கு. ரேஷன் அட்டைக்கு முதல் ஆண்டு 1,000 ரூபாயும், இரண்டாம் ஆண்டு இரு தவணையாக 4,000 ரூபாயும் அரசு கொடுத்தது. ஒரு கொடைக் காலத்தின் முன்னே அது எந்த மூலைக்கு?

கொடையை நிறுத்தியது ஊர்ப் பெரியவர்களுக்கு எளிதாக இருந்திருக்காது என்றுதான் வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். கொடை முடங்கினால் ஊருக்கு ஆகாது என்ற பயம் இருக்கத்தான் செய்தது. ஆனாலும் பல ஊர்கள் ஒரே பேச்சில் ஒத்துக்கொண்டன. அதற்குக் காரணம் கொடையின் உள்ளேயே இருக்கிறது. அம்மை முத்தைப் போடுகிறவளும் இறக்குகிறவளும் முத்தாரம்மன்தான். வைசூரியும் வாந்திபேதியும் 19-ஆம் நூற்றாண்டில் இந்த ஆற்றங்கரை ஊர்களைத் திரும்பத் திரும்ப வாரிக்கொண்டு போயின. பல கொடைகளின் வேர் அந்தப் பயத்தில் இருக்கிறது. வீட்டில் அம்மை கண்டால் வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அந்நியர் உள்ளே வரக் கூடாது, வீட்டார் விசேஷத்துக்குப் போகக் கூடாது, அடுப்பில் தாளிப்பு கூடாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகே எல்லாம். நோய் இருக்கும்போது ஒடுங்கி இருப்பதும், அது இறங்கிய பிறகு நேர்ச்சையைக் கூடிச் செலுத்துவதும் ஊருக்குத் தெரிந்த முறை. “ஆத்தா கோவிச்சுக்கிட மாட்டா” என்று கிழவிகள் துணிந்து சொன்னது அந்த அறிவிலிருந்துதான். பூசாரி மட்டும் போய் ஒரு பொங்கல் வைத்துத் திரும்பினார்.

ஒரு விஷயத்தை மட்டும் இன்றைக்கும் வருத்தத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. கொடைக்கு அதிகமாக வரி கொடுப்பவர்கள் பம்பாய்க்காரர்கள். மும்பை தாராவியில் மூன்று நான்கு தலைமுறையாக வாழ்கிற தமிழர்களில் பெரும்பகுதியினர் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவர்கள். கோயிலுக்குக் கோபுரம் கட்டியவர், ஒலிபெருக்கி வாங்கித் தந்தவர், ஒரு நாள் செலவை ஏற்றவர் என்று கல்வெட்டுகளில் அவர்கள் பெயர் இருக்கும். 2020 ஏப்ரலில் தாராவியில் தொற்று பரவியது. மே மாதத்தில் அவர்கள் குடும்பத்தோடு ஊர் திரும்பினார்கள். கங்கைகொண்டான் சோதனைச் சாவடியில் நிறுத்திச் சளி மாதிரி எடுத்தார்கள். பள்ளிக்கூட முகாம்களில் தங்க வைத்தார்கள். கொடைக்கு வந்தால் மாலை போட்டு வரவேற்கிற ஊரே அந்த மாதம் தெருமுனையில் முள் வெட்டிப் போட்டுக் காத்திருந்த கதைகள் உண்டு. பயம் நியாயமானது. ஆனால் கல்வெட்டில் பெயர் உள்ளவரின் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தவர்கள், அவர்களுக்கு ஒரு வேளை சோறு கொண்டுபோய் வைக்க முன்வந்திருக்கலாம். சில ஊர்களில் வைத்தார்கள்.

திருநெல்வேலி டவுனில் நெல்லையப்பர் கோயில் ஆனித் திருவிழாவும் நின்றது. நெல்லையப்பர் தேர் தமிழ்நாட்டின் பெரிய தேர்களில் ஒன்று. ஆயிரக்கணக்கானவர்கள் வடம் பிடித்துக் கையாலேயே நான்கு ரத வீதிகளிலும் இழுத்து நிலைக்குக் கொண்டுவர வேண்டிய தேர். 2020-லும் 2021-லும் அது நகரவில்லை. நின்றுபோன முதல் ஆனியிலேயே, ஜூன் 25 அன்று, கோயிலுக்கு எதிரே இருக்கும் இருட்டுக்கடை அல்வாவின் உரிமையாளர் தொற்று உறுதியாகி மருத்துவமனையில் இருந்த நிலையில் இறந்துபோனார். ஊரே திகைத்து நின்ற நாள் அது. 2022 ஜூலை 11 அன்றுதான் தேர் மறுபடி ஓடியது.

திருநெல்வேலியில் இஸ்லாமியர் மிகுந்து வாழும் மேலப்பாளையத்துக்கு வருவோம். 2020 மார்ச் கடைசியிலிருந்தே அந்தப் பகுதியை அடைத்துவிட்டார்கள். ஏப்ரல் 25-ல் ரமலான் பிறந்தது. அசர் தொழுகை முடிந்ததும் பிள்ளைகள் தூக்குவாளியோடு பள்ளிவாசலில் வரிசை நிற்பது அங்கே பழக்கம். பச்சரிசி நொய், பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, கொத்துக்கறி, கடைசியில் தேங்காய்ப்பால் சேர்த்துப் பெரிய தேக்சாவில் காய்ச்சிய நோன்புக் கஞ்சியை எந்த மதத்தார் கேட்டு வந்தாலும் ஊற்றுவார்கள். அந்த ஆண்டு பள்ளிவாசலில் காய்ச்சக் கூடாது என்றானது. தமிழ்நாடு முழுக்க 2,895 பள்ளிவாசல்களுக்கு அரசு ஒதுக்கிய 5,450 டன் அரிசி வீடு வீடாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. நல்ல ஏற்பாடு. அரிசி வந்துவிட்டது; ஆனால் வீட்டில் தனியாகக் காய்ச்சிய கஞ்சியில் அக்கம்பக்கத்து இந்துப் பிள்ளைக்குப் பங்கு இல்லாமல் போயிற்று. தேவாலய ஊர்களின் அசனமும் இப்படித்தான். ஊர் முழுக்கக் காணிக்கை போட்டு, ஆடு அறுத்து, சோறு வடித்துக் குவித்து, ஏழை பணக்காரர் வித்தியாசமில்லாமல் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகையைப் பொட்டலம் கட்டி வீட்டுக்கு அனுப்பினால் அதற்குப் பெயர் அசனம் இல்லை.

கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடக் கூடாது என்றார்கள். இங்கே கல்யாணச் சாப்பாட்டில் தாலி கட்டுகிற நாள் விருந்தைவிட மறுநாள் மறுவீட்டுச் சொதிக்குத்தான் மவுசு. மாப்பிள்ளைச் சொதி என்றே அதற்குப் பேர். தேங்காயை மூன்று முறை பிழிய வேண்டும். மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் முருங்கை, கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு வேகும். சின்ன வெங்காயமும் பூண்டும் முழுசாகக் கிடக்கும். இஞ்சியும் பச்சை மிளகாயும் அரைத்து விட்டு, மலர வெந்த பாசிப்பருப்பைச் சேர்ப்பார்கள். கெட்டியான முதற்பாலை ஊற்றியதும் சமையல்காரரான தவசுப்பிள்ளை அடுப்பை விட்டு நகர மாட்டார். ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்க வேண்டும், கொதித்தால் திரிந்துவிடும். சூடு கொஞ்சம் ஆறிய பிறகு எலுமிச்சை. தேங்காய்ப்பால் வயிற்றில் மந்தம் பண்ணாமல் இருக்கக் கூடவே இஞ்சிப் பச்சடி.

முந்நூறு பேருக்குச் சொதி வைத்துப் பழகிய கைக்கு அந்த இரண்டு வருடங்களில் வேலையே இல்லை. வீட்டுப் பெண்கள் மிக்சியில் தேங்காய் அடித்து இருபது பேருக்கு வைத்தார்கள். வர முடியாத சொந்தங்களுக்குக் கொடுத்தனுப்பலாமே என்றால் பாத்திரம் ஒரு சிக்கலாயிற்று. இந்த ஊர்ப் பக்கம் பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தர மாட்டார்கள். ஒரு கை சீனியாவது போட்டுத்தான் தருவார்கள். தொற்றுக் காலத்தில் அந்தப் போக்குவரத்தே கூடாது. அதனால் திரும்பி வர வேண்டாத டப்பாவில் ஊற்றி, கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு, “மைனி, வச்சிருக்கேன், எடுத்துக்கிடுங்க” என்று தெருவில் நின்றே போன் போட்டார்கள். உள்ளே போனதும் அதைச் சூடு பண்ணலாமா என்று ஒரு தயக்கம். சொதியை மறுபடி கொதிக்க வைத்தால் கெட்டுவிடும், வைக்காவிட்டால் பயம். ஏரல், ஆழ்வார்திருநகரிப் பக்கத்து வாழைக்காரர்களுக்கு இந்த 50 பேர்க் கணக்கு நேராக இடித்தது. கல்யாணமும் இல்லை, ஓட்டலும் இல்லை. நாளுக்கு நாள் விரியும் இலையை அறுக்காமல் விட்டால் காற்றில் கிழிந்துவிடும், அறுத்தால் வாங்க ஆளில்லை.

2021 பொங்கலுக்கு நோய் கொஞ்சம் இறங்கியிருந்தது. ரேஷன் கடையில் கரும்போடு 2,500 ரூபாயும் கொடுத்தார்கள். அண்ணன்மார் தங்கைகளுக்குப் பொங்கல்படி கொண்டு போகலாம் என்று கிளம்பிய வாரத்தில், பருவம் தப்பிய மழை பிடித்துக்கொண்டது. பாபநாசம், மணிமுத்தாறு அணைகள் நிரம்பி ஆறு கரை தொட்டு ஓடியது. குறுக்குத்துறை முருகன் கோயில் தண்ணீருக்குள் நின்றது. அந்த வெள்ளம் வடிந்த பிறகு தை மாதத்தில் வீடுகளில் சிறுவீட்டுப் பொங்கல் நடந்தது. மார்கழியில் பெண்பிள்ளைகள் வாசலில் வைத்த பூசணிப் பூக்களைச் சாணத்தோடு சேர்த்துத் தட்டிய எருக்களை ஆற்றில் கொண்டுபோய் விட்டார்கள். 2022-ல் மறுபடி கோயில்களை ஜனவரி 14 முதல் 18 வரை மூடினார்கள். காணும் பொங்கல் ஞாயிற்றுக்கிழமை முழு ஊரடங்கில் போயிற்று.

அந்த 2022 சித்திரையில்தான் எங்கள் ஊரில் மறுபடி கொடை நடந்தது. 2020-க்கென்று வில்லுக்குக் கொடுத்த அச்சாரத்தைத் திருப்பிக் கேட்பதா என்று முதல் வருடமே ஊர்க்கூட்டத்தில் பேச்சு எழுந்தது. கேட்க வேண்டாம் என்று முடிவானது. இந்த முறை தலைக்கட்டு வரியை உயர்த்தி, புது அச்சாரம் கொடுத்தோம். அதே குழுதான் வந்தது. குடம் அடிக்க மட்டும் வேற்றூர் ஆள். பழையவர் இரண்டாம் ஊரடங்குக்குப் பிறகு திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டாராம். கொடை அன்றைக்கு அவருக்கு லீவு கிடைக்கவில்லை. அவர் ஊர்க் கொடைக்கும் கிடைக்காது என்றார் வில்லுக்காரர்.