நடுத்தரக் கணினியும் இலேசர் அச்சுப்பொறியும்

ஒரு மொழியிற் சொல்லப்பட்டதைப் பிறிதொரு மொழியினர் விளங்கிக்கொள்ள மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வேண்டப்படுவர். இந்நியதி பொறிகளுக்கும் பொருந்தும். நிறுவனங்களின் கணக்குகளைப் பேணும் நடுத்தரக் கணினியை வலையமைப்பிலுள்ள இலேசர் அச்சுப்பொறியோடு இணைக்குங்கால் எழும் இடர்கள் கம்பியினால் மட்டும் விளைவன அல்ல. குறியீட்டு வேறுபாட்டினாலும் விளைவன. தமிழில் அச்சிட விழையுமிடத்து இவ்வுண்மை மேலுந் தெளிவாகும்.

பெருங்கணினிக்கும் மேசைக் கணினிக்கும் இடைப்பட்டது நடுத்தரக் கணினி. ஐ.பி.எம். நிறுவனம் 1988 ஆம் ஆண்டு யூன் மாதம் அறிமுகஞ் செய்த ஏ.எஸ்./400 இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அதன் வழிவந்த இயக்க முறைமை 2008 முதல் ‘ஐ.பி.எம். ஐ’ எனப் பெயர் பெற்றது. 1964 இல் வெளிவந்த சிஸ்டம்/360 பெருங்கணினியின் எபிசிடிக் குறியீட்டையே இம்மரபு கைக்கொண்டது. மேசைக் கணினிகளுக்கென எழுந்த அச்சுப்பொறிகளோ ஆஸ்கி குறியீட்டு மரபின. ஆங்கிலப் பேரெழுத்து ‘ஏ’ ஆஸ்கியில் 65, எபிசிடிக்கில் 193. ஆதலின், மாற்றமின்றி அனுப்பின் பொருளற்ற குறிகளே தாளில் விழும்.

வேறுபாடு எழுத்தோடு முடிவதன்று. வரி, பக்கம், தாள்தட்டு என்பவற்றைச் சுட்டும் கட்டளைகளும் வேறு. கணினி எஸ்.சி.எஸ். என்னுங் கட்டளைத் தொடரை ஆக்குகின்றது. இலேசர் அச்சுப்பொறிகள் பல எதிர்பார்ப்பது பி.சி.எல். என்பதனை. இவ்விரண்டையும் இணைக்கும் மொழிபெயர்ப்பாளர் கணினியினுள்ளேயே உண்டு. அச்சிடற்குரிய ஆவணம் முதலில் ‘ஸ்பூல்’ கோப்பாக வெளியீட்டு வரிசையிற் காத்திருக்கும். அதனை எடுத்தனுப்பும்போது ‘ஹோஸ்ட் பிரிண்ட் டிரான்ஸ்ஃபோர்ம்’ என்னும் பகுதி குறியீட்டையும் கட்டளைகளையும் மாற்றித் தருகின்றது. அச்சுப்பொறியின் வகையை அதற்குச் சரியாக அறிவித்தல் வேண்டும். வகை தவறின், எழுத்துக்கள் செவ்வனே விழினும் ஓரங்களும் தாள்தட்டும் பிழைபடலாம்.

இணைக்கும் வழிகளுள் இரண்டு பெரிதும் வழங்குவன. முதலாவது தொலை வெளியீட்டு வரிசை. 515 ஆந் துறையின் வழியாக எல்.பி.ஆர். முறையிற் கோப்பு முழுவதும் அனுப்பப்படும். அமைத்தற்கு எளிது, எனினும், தாளில் அச்சேறிய பக்கம் எதுவெனக் கணினி அறியாது. இரண்டாவது, அச்சுப்பொறியை வலையமைப்புச் சாதனமாகவே வரையறுத்து, பொதுவாக 9100 ஆந் துறையின் வழியாக அதனோடு உரையாடுதல். இம்முறையில் அச்சுப்பொறி தன் நிலையை மறுமொழியாகத் தெரிவிக்கும். 300 பக்கப் பட்டியலில் 180 ஆம் பக்கத்திலே தாள் சிக்குண்டால், வேண்டிய பக்கத்திலிருந்து மீளத் தொடங்குதல் இங்கு கைகூடும். எம்முறையாயினும் அச்சுப்பொறியின் வலையமைப்பு முகவரி மாறாதிருத்தல் இன்றியமையாதது. மாறின், கோப்புக்கள் வரிசையிலேயே தேங்கும்.

இனித் தமிழை நோக்குவோம். ஆங்கிலத்துக்கென அமைந்த 256 இடங்கொண்ட குறியீட்டு அட்டவணையிலே தமிழுக்கு இடமில்லை, ஒருங்குறியே துணை. அதிலும் ஒரு நுட்பம் உண்டு. ‘கொழும்பு’ என்னுஞ் சொல்லில் கண் காண்பன நான்கு எழுத்துக்கள். கணினி சேமிப்பன எட்டுக் குறியீடுகள். ‘வெள்ளவத்தை’யில் ஆறு எழுத்துக்களுக்குப் பத்தும், ‘கொட்டாஞ்சேனை’யில் ஆறு எழுத்துக்களுக்குப் பன்னிரண்டும் வேண்டும். ‘கொ’வில் ககரத்தின் பின்னே வைக்கப்படும் ஒரே குறியீடு, தாளில் அதன் இருமருங்கும் பிரிந்து நிற்றல் வேண்டும். ஒரு குறியீட்டுக்கு ஓரிடம் எனக் கொள்ளும் பழைய வரியச்சு முறை இதற்கு ஈடுகொடாது.

ஆகவே, தரவை ஒருங்குறியிற் பேணி, தமிழெழுத்தின் வடிவமறிந்த மென்பொருளாற் பக்கத்தை முன்னரே உருவாக்கி, அதனைப் படமாகவோ பி.டி.எஃப். கோப்பாகவோ அனுப்புதலே தக்க வழி. படமாக அனுப்பின் அச்சுப்பொறி தமிழெழுத்து எதனையும் அறிந்திருக்க வேண்டியதில்லை. பி.டி.எஃப். ஆயின், எழுத்துரு கோப்பினுள்ளே பொதிந்திருத்தலும் அவ்வடிவை ஏற்கும் ஆற்றல் அச்சுப்பொறிக்கு இருத்தலும் வேண்டும்.

1987 இல் நிறைவேறிய பதின்மூன்றாந் திருத்தத்தின்படி தமிழும் இலங்கையின் அரசகரும மொழியாகும். சட்டம் வழங்கிய அவ்வுரிமை ஒருவர் கையிற் பெறும் பற்றுச்சீட்டிலும் அறிவித்தலிலும் எழுத்தாகத் தெரியவேண்டுமாயின், இடையிலுள்ள பொறிகள் தமிழைச் சிதையாது கடத்துதல் வேண்டும். கணினி தமிழை ஏற்கவில்லை என்று சொல்லி ஆங்கிலத்தோடு அமைதல் எளிது. ஆயினும், குறை எப்படியில் நேர்ந்ததென ஆராய்வோர்க்கு அது பெரும்பாலும் திருத்தத்தக்கதே என்பது புலனாகும்.