யுங் என்பாரின் உளநூலும் அதன் தத்துவ வேர்களும்

1937ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், சுவிட்ஸர்லாந்து தேசத்து உளநூற் பேரறிஞராகிய கார்ல் குஸ்தாவ் யுங் என்பார் நம் நாட்டிற்கு வந்தார். 1938 ஜனவரியில் கல்கத்தா நகரில் நிகழ்ந்த இந்திய விஞ்ஞானப் பேரவையின் வெள்ளி விழாவிற்கு அவர் அழைக்கப்பெற்றிருந்தார். அலகாபாத், காசி, கல்கத்தா என்னும் மூவிடத்துப் பல்கலைக்கழகங்களும் அவருக்குப் பட்டம் அளித்துச் சிறப்பித்தன. பின்னர் அவர் தெற்கு நோக்கிப் புறப்பட்டு மைசூர், திருவனந்தபுரம், இலங்கை ஆகிய இடங்களையும் கண்டார். ஆயினும் திருவண்ணாமலைக்குச் சென்றாரில்லை. நம் தென்னேரிக் கரையினின்று ஒரு பகற்பொழுதிற் சென்றடையத்தக்க அம்மலையின் அடியில், ‘நான் யார்?’ என்னும் ஒரு வினாவையே உபதேசமாகக் கொண்டு ரமணர் வீற்றிருந்த காலம் அது. மனத்தின் ஆழத்தை ஆராய்தலையே வாழ்நாட் பணியாகக் கொண்ட ஒருவர் அவரைக் காணாது சென்றது ஏன்? இவ்வினாவிற்கு விடை தேடப் புகின், யுங்கின் கொள்கை முழுவதையும் ஒருவாறு அறிந்தாதல் வேண்டும். ஆதலின் அதனை ஈண்டுச் சுருங்க எடுத்துரைக்க முயல்கின்றோம்.

யுங் 1875 ஜூலை 26ஆம் நாள் கெஸ்வில் என்னும் சிற்றூரில் ஒரு குருவானவரின் மகனாகப் பிறந்தார். பாசல் பல்கலைக்கழகத்தில் வைத்தியம் பயின்று, 1900இல் சூரிச்சு நகரத்து மனநோய் மருத்துவசாலையில் உதவி வைத்தியராக அமர்ந்தார். அங்கே அவர் செய்த சோதனை ஒன்று மாணவர் அறிந்து மகிழத்தக்கது. நூறு சொற்கள் கொண்ட பட்டியலை ஒவ்வொன்றாகப் படித்து, கேட்பவர் தமக்கு முதலில் தோன்றும் சொல்லை உடனே கூறுமாறு பணிப்பார். கையிலே காலங்காட்டும் கருவி இருக்கும். ‘நீர்’ என்றால் ‘குளம்’ என்றும், ‘விளக்கு’ என்றால் ‘வெளிச்சம்’ என்றும் ஒருவர் தடையின்றி விடை கூறி வருவார். ‘கடன்’ என்ற சொல் வந்தவுடன் நாவெழாது, அல்லது நகைப்பார், அல்லது சொன்ன சொல்லையே திருப்பிச் சொல்வார். தாம் தயங்கியதையும் அவர் அறியார். ஏன் தயங்கினீர் என வினவின், தயங்கவேயில்லை என்பார்! இவ்வாறு உணர்ச்சி ஏறிய நினைவுகள் ஒரு முடிச்சாகத் திரண்டு, நம் விருப்பத்திற்குக் கட்டுப்படாமல் தாமே ஒரு சிற்றரசு நடத்துகின்றன என்பதை யுங் கண்டார். அம்முடிச்சிற்கு அவர் இட்ட பெயரே இன்று தமிழில் ‘மனச்சிக்கல்’ என வழங்குகின்றது.

இச்சோதனையே அவரை வியன்னா நகரத்துப் பிராய்டினிடம் கொண்டுசேர்த்தது. 1907இல் முதன்முதலாகச் சந்தித்த இருவரும் தந்தையும் மைந்தனும் போலப் பழகி, 1913இல் அறவே பிரிந்தனர். பிரிவின் காரணம் பலவாயினும் தலையாயது ஒன்று. நனவிலி மனம் என்பது ஒருவன் வெளியிட அஞ்சி அடக்கிவைத்த ஆசைகளின் கிடங்கு என்பது பெரும்பாலும் பிராய்டின் முடிபு. யுங்கோ, அக்கிடங்கின் தரைக்குக் கீழும் வேறொரு தளம் உண்டு என்றார். தனி மனிதன் ஒருவனுக்கும் உரித்தாகாது, மானிடர் அனைவர்க்கும் பொதுவாய் அமைந்த அதனைக் கூட்டு நனவிலி என்று கூறலாம்.

இதனை நம் ஊர் வழக்கால் விளக்குவோம். தென்னேரி போன்ற பெரிய ஏரியின் ஆயக்கட்டிலே பல கிணறுகள் உள. ஒவ்வொன்றுக்கும் உடையவன் ஒருவன். ஆழமும் வேறு, கட்டடமும் வேறு. ஆயினும் ஏரி நிரம்பிய ஆண்டில் எல்லாக் கிணற்றிலும் நீர் ஏறுகின்றது. வற்றிய ஆண்டில் எல்லாம் இறங்குகின்றன. அடியிலே ஓடும் ஊற்று ஒன்றாதலின் அன்றோ? ஒருவரையொருவர் அறியாத தேசத்தாரின் கதைகளிலும் கனவுகளிலும், அன்னை, முதியோன், வீரச் சிறுவன், விழுங்கும் பாம்பு என்னும் உருவங்கள் திரும்பத் திரும்பத் தோன்றுதற்கு யுங் கூறும் காரணமும் இத்தகையதே. இவ்வுருவங்களின் மூலத்தை அவர் தொல்படிவம் என்றார். படிவம் என்றது உருவத்தையன்று, உருவம் கொள்ளும் இயல்பை மட்டுமே என்பதை மறத்தலாகாது. இவ்வேறுபாட்டை அறியாதாரே யுங்கை எளிதில் நகையாடுவர்.

இனி இக்கொள்கையின் வேர்களைக் காண்போம். தொல்படிவம் என்னும் கருத்திற்குப் பிளேட்டோவின் கருத்துலகம் பாட்டன் முறையாகும். அதனினும் நெருங்கிய உறவு கான்டுக்கு உண்டு. காலம், இடம், காரண காரியம் என்பன பொருள்களிடத்துக் கிடந்து நாம் பொறுக்குவன அல்ல. அறியும் மனமே அவற்றைக் கொண்டு பொருள்களை அறிகின்றது என்றார் கான்டு. அறிவிற்கு அவ்வாறாயின் கற்பனைக்கும் அவ்வாறே முன்னமைந்த அச்சுகள் உண்டு என்பது யுங்கின் துணிபு. நனவிலி என்ற சொல்லையும் அவர் புதிதாகப் படைத்தாரல்லர். 1846இல் காரஸ் என்பாரும், 1869இல் ஹார்ட்மன் என்பாரும் அதனைக் குறித்து நூல் யாத்தனர்.

ஆயினும் இளமையில் யுங்கை ஆட்கொண்டவர் ஷோப்பன்ஹவர். இவ்விடத்திலே ஒரு விந்தை உண்டு. முகலாய இளவரசர் தாரா ஷுகோ 1657இல் உபநிடதங்களைப் பாரசீக மொழியிற் பெயர்ப்பித்தார். அப்பாரசீகத்தினின்று பிரெஞ்சுக்காரராகிய ஆங்கெத்தில் துய்ப்பெரோன் 1801, 1802ஆம் ஆண்டுகளில் இலத்தீனில் வெளியிட்டார். அந்த இலத்தீன் நூலே ஷோப்பன்ஹவருக்கு வாழ்நாள் முழுதும் உற்ற துணையாயிற்று. அவரைப் படித்து வளர்ந்த யுங், 1921இல் வெளியிட்ட ‘உளவகைகள்’ என்னும் நூலில் பிரமம், ஆன்மா என்பவற்றை நேரே எடுத்து ஆராய்கின்றார். டில்லியிற் புறப்பட்ட நீர், பாரீசும் பிராங்க்பர்ட்டும் சூரிச்சும் சுற்றி மறுபடி இந்தியக் கரைக்கு வந்தது எனலாம். வந்தபோது அதன் நிறம் மாறியிருந்தது என்பதும் உண்மை.

மனத்தின் பகுதிகளாக யுங் கூறுவனவற்றுள் இரண்டை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். ஒன்று முகமூடி, பண்டை உரோமாபுரி நாடகத்தார் அணிந்த முகமூடியின் பெயரையே அவர் இதற்கு இட்டார். உலகத்தின் முன் நாம் அணியும் தோற்றம் அது. நம் பக்கத்துக் கூத்தர் அரிதாரம் பூசிக் கட்டை கட்டி இரவெல்லாம் அரசராய் ஆடுவர். விடிந்ததும் முகத்தைக் கழுவிவிட்டு வீட்டிற்கு நடப்பர். கழுவ மறந்தவன் கதியாது? உத்தியோகமே தானென்றும், பட்டமே தானென்றும் எண்ணி வாழ்வோர் கழுவ மறந்த கூத்தரே. முகமூடி தீதன்று, அது தோலோடு ஒட்டிவிடுதலே தீது. பரீட்சையில் முதல்வனாக இருப்பதையன்றித் தனக்கு வேறு முகமே இல்லை என்றிருந்த மாணவன், ஒரு முறை தவறியதும் உயிரையே வெறுக்கும் நிலையை ஆசிரியர்கள் அறிவார்கள்.

மற்றொன்று நிழல். நம்மிடத்தே உள்ளனவாயினும் நாம் நம்முடையன என ஏற்க மறுக்கும் இயல்புகளின் தொகுதி அது. ஏற்க மறுத்தவற்றை அயலான்மேற் காண்கின்றோம். திரௌபதியம்மன் விழாவின் படுகளத்திலே துரியோதனனைப் பேருருவாக மண்ணாற் செய்து கிடத்துகின்றோமே, அம்மண் எந்த நாட்டு மண்? நம் ஊர் மண்ணேயன்றோ!

இவற்றையெல்லாம் ஒருவன் அறிந்து ஏற்று, நனவும் நனவிலியும் ஒன்றையொன்று விழுங்காமல் கூடி நிற்கும் முழுமையை எய்துதலே மனித வாழ்வின் பயன் என்றார் யுங். அம்முழுமையின் நடுவை அவர் ‘தான்’ என்று அழைத்தார். ஆன்மா என்னும் உபநிடதச் சொல்லே அப்பெயருக்குத் தூண்டுகோலாயிற்று. பிணக்கும் இங்கேதான் எழுகின்றது. மைசூர் மகாராஜாவின் தத்துவ ஆசிரியராகிய வி. சுப்ரமணிய ஐயருடன் யுங் இதுபற்றி உரையாடினார். ‘நான்’ என்னும் முனைப்பு முற்றும் அழிந்தால், அறிவோன் ஒருவனும் இல்லை. அறிவோன் இல்லாத நிலை நனவிலியேயன்றிப் பேரறிவு அன்று என்பது யுங்கின் வாதம். அத்வைதியோ, கனவற்ற உறக்கத்தினின்று எழுந்தவன் ‘சுகமாக உறங்கினேன்’ என்கின்றானே, அச்சுகத்தைக் கண்டது எது என்று வினவுவார். எமக்கு இவ்விடையும் முற்றிலும் நிறைவளிக்கவில்லை. அது நினைவா, விழித்தபின் செய்த அனுமானமா என்னும் ஐயம் நிற்கின்றது. ஆனால் யுங் அதற்கு ஈடான விடை தரவில்லை என்பது எம் கருத்து.

கல்கத்தாவில் வயிற்றுக்கடுப்பால் பத்து நாள் மருத்துவசாலையிற் கிடந்து எழுந்த யுங், ஒரு கனவு கண்டார். கிறிஸ்து நாதரின் திருக்கிண்ணத்தைத் தேடும் ஐரோப்பியப் பழங்கதையைச் சார்ந்தது அக்கனவு. உன் குலத்தார்க்குரிய கலத்தைத் தேடு, அயலாரின் கலத்தை இரவாதே என்பதே அதன் பொருளென அவர் கொண்டார். ஞானியரைக் காண வேண்டுமென்றே செல்லாதிருந்ததற்கும் இதுவே காரணம். பிறர் பெற்ற உண்மையைத் தாம் வாங்கிக்கொள்வது களவாகும் என எண்ணினார். திரும்பும் வழியிற் கப்பல் பம்பாய்த் துறையில் நின்றபோதும் கரையிறங்காமல் இலத்தீன் இரசவாத நூலிலேயே ஆழ்ந்திருந்தார்.

இந்நேர்மையைப் போற்றும் நாம், அவர் அவசரத்தைப் போற்றுதல் இயலாது. இந்தியன் சிந்திப்பதில்லை, எண்ணத்தைக் காட்சியாகவே காண்கின்றான் என்னும் கருத்துப்பட அவர் 1939இல் எழுதினார். மணிமேகலை தருக்கம் கற்றது இக்காஞ்சியிலே. பௌத்த தருக்கத்தின் தந்தையாகிய திக்நாகர் பிறந்ததும் காஞ்சிக்கு அண்மையில் என்று மரபு கூறும். சில வாரப் பயணத்தில் இவையெல்லாம் கண்ணிற் படா.

1944இல், மறைந்த நண்பர் ஸிம்மர் ரமணரைப்பற்றி எழுதிய நூலுக்கு யுங் முன்னுரை வரைந்தார். அதிலே, திருவனந்தபுரத்தில் தாம் சந்தித்த ரமணரின் சீடர் ஒருவரை நினைவுகூர்கின்றார். எளிய பள்ளியாசிரியரை ஒத்த நிலையினர் அவர்; பல மக்களைக் காக்கும் பொறுப்புடையவர்; மூத்த மகனின் கல்விக்காகத் தம் தேவைகளைக் குறைத்துக்கொண்டு வாழ்ந்தவர். ஞானமும் குடும்பமும் ஒருவரிடத்தே ஒருங்கமைந்ததைக் கண்ட யுங், இவரைக் கண்டது தமக்குப் போதும் என்னும் கருத்தினராய், மகரிஷியைக் காணாமற்போனதற்கு வருந்தினாரில்லை.