பழைய மிதிவண்டியை அறிதலும் மீட்டலும்



நம் தென்காசி வட்டாரத்து ஊர்களில், தொழுவத்தின் ஓரத்திலோ கொல்லைப்புறத்திலோ பழைய மிதிவண்டி ஒன்று சார்த்தி வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். பாட்டனார் ஓட்டியது என்பர்; அதற்கு மேல் அதன் வரலாறு வீட்டில் எவருக்கும் தெரிவதில்லை. ஒருநாள் பழைய இரும்பு வாங்குவோர் அதனை எடை போட்டுக் கொண்டு செல்வர். அவ்வாறு போகுமுன், அஃது இன்ன வண்டி என்று அறிவதற்கும், மீண்டும் ஓடச் செய்வதற்கும் உரிய முறையை இன்று கூற விழைகின்றேன்.

முதற்கண் இவ்வண்டியின் மரபை அறிவோம். ஏறத்தாழ ஒரே அளவான இரு சக்கரங்களும், பின்சக்கரத்தைச் சுழற்றும் செயினும் கொண்ட மிதிவண்டியை இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885-ஆம் ஆண்டில் உருவாக்கினார். 1888-இல் டன்லப் காற்றடைத்த டயரை அளித்தார். அம்மரபில் வந்ததே, கனத்த எஃகுக் குழாயும் கம்பிப் பிரேக்கும் உடைய நம் கறுப்பு மிதிவண்டி. 1949-இல் முருகப்பா குழுமத்தார் ஆங்கில நிறுவனம் ஒன்றுடன் கூடி டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினர். சென்னையை அடுத்த அம்பத்தூரில் ஹெர்குலிஸ் வண்டிகள் உருவாயின. 1951-இல் சோனிபத்தில் அட்லஸும், 1956-இல் லூதியானாவில் ஹீரோவும் தோன்றின. ஆசன்சோலில் சென்-ராலே இருந்தது.

இனி, அடையாளம் காணும் முறை. ஹேண்டில்பாரின் கீழ் முன்குழாயில் பதித்த பெயர்த்தகடே முதலில் கண்ணில் படும். அது சாட்சிதான், எனினும் மாற்றிவிடத்தக்க சாட்சி. ஆதலால் அடுத்து, சீட்டின் அடியிலோ பெடல் அச்சுக் கூட்டின் அடியிலோ குழாயில் வெட்டப்பட்ட எண்ணைத் தேடுக. மூன்றாவதாக, பெரிய பற்சக்கரத்தின் வடிவத்தை நோக்குக. ராலே வண்டியில் நாரையின் தலை வடிவம் காணப்படும், பி.எஸ்.ஏ. வண்டியில் அம்மூன்று எழுத்துகளே வெட்டப்பட்டிருக்கும். கிராங்க், ரிம், ஹப் ஆகியவற்றில் பொறித்த நாட்டின் பெயரையும் பார்க்க வேண்டும். பல சான்றுகள் ஒன்றையே கூறினால்தான் முடிவு செய்யலாம். கல்வெட்டு ஆராய்ச்சியும் இவ்வாறுதானே நடைபெறுகிறது!

பண்பொழியில் கல்லூரி மாணவர் ஒருவர் தம் பாட்டனாரின் வண்டியை என்னிடம் கொண்டு வந்தார். 'சீமைச் சரக்கு' என்று வீட்டில் சொல்லி வந்தார்களாம். பெயரும் ஆங்கிலப் பெயரே. அழுக்கைத் துடைத்தோம்; தகட்டின் ஓரத்திலும் கிராங்கிலும் ரிம்மிலும் 'இந்தியாவில் செய்யப்பட்டது' என்ற பொருளுடைய ஆங்கில எழுத்துகள் தெரிந்தன. அவர் முகம் வாடிற்று. "தம்பி, கப்பலில் வந்தது காசு கொடுத்து வாங்கிய பொருள். இதுவோ நம் நாடு தன் தொழிலைத் தானே கற்றுக்கொண்ட காலத்தின் சான்று. எது உயர்ந்தது?" என்று கேட்டேன். அவர் அதனை விற்கவில்லை. பிரித்துச் செப்பனிடத் துணிந்தார்.

நம் கடைக்காரர்கள் இதனை 'ஓவராயில்' என்பர். எண்ணெய் விடுவது என்று எண்ணற்க; முற்றப் பிரித்துப் பார்ப்பதே அது. பிரிக்குமுன் ஒவ்வொரு பகுதியையும் படம் எடுத்துக்கொள்க. இணைப்புகளில் விரிசலோ, முன் போர்க்கில் வளைவோ இருப்பின், தேர்ந்த கம்மியரிடம் காட்டாமல் மேற்செல்லலாகாது. ஓடும்போது அவ்விடம் முறிந்தால் உயிருக்கே ஆபத்து.

இடப்பெடலின் மரை எதிர்த்திசையில் சுற்றப்பட்டது. இல்லையேல் மிதிக்க மிதிக்க அது தானே கழன்றுவிடும். இதை அறியாதோர் பலங்கொண்டு திருகி மரையைக் கெடுத்துவிடுவர். பெடல் அச்சின் இருபுறமும் பொதுவாகக் கால் அங்குலப் பால்ரஸ் குண்டுகள் பதினொன்று இருக்கும். ஒன்று தேய்ந்திருந்தாலும் எல்லாவற்றையும் மாற்றுக. புதியதும் பழையதும் கலந்தால் பாரம் சமமாகப் பகிரப்படாது. செயினை அளப்பதும் எளிது. 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருத்தல் வேண்டும். அரைக்கால் அங்குலம் நீண்டிருந்தால் மாற்றிவிடுக; இல்லையேல் அது பற்சக்கரத்தைத் தின்றுவிடும். டயர் வாங்கும்போது '28 அங்குலம்' என்று மட்டும் கேட்டல் போதாது. 28 × 1½ டயருக்குரிய ரிம் 635 மில்லிமீட்டர். 28 அங்குலம் என்றே வழங்கும் வேறு டயர்கள் 622 மில்லிமீட்டர் ரிம்முக்கு உரியவை. அவை இதில் பொருந்தா.

துரு நம் ஊரின் தனிச் சிக்கல். எஃகு, ஈரம், காற்று ஆகிய மூன்றும் கூடும் இடத்தில் துரு பிறக்கும். ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் வீசும் ஜூன் முதல் ஆகஸ்டு வரை வண்ணம் பூசும் வேலையைத் தொடங்காதீர்கள். துருவைச் சுரண்டிய இடத்தில் அன்றைக்கே ரெட் ஆக்சைடு பூசுக. பளபளப்பான குரோமியப் பூச்சின் மேல் உப்புத்தாள் தேய்க்கலாகாது. மண்ணெண்ணெய் தோய்த்த மென்துணியே போதும். பழைய பொற்கோடுகள் எஞ்சியிருந்தால் அவற்றை அழித்துப் புதுவண்ணம் பூசவேண்டா. போனது வந்துவிடாது.

இறுதியாக, பிரேக்கு. கம்பிப் பிரேக்கின் கட்டைகள் ரிம்மின் உட்புறத்தில் அழுந்துவன. நனைந்த எஃகு ரிம்மில் அவற்றின் பிடி வெகுவாகக் குறையும். எனவே புதுக் கட்டை மாட்டி, முதலில் சமதரையில் மெல்ல ஓட்டிச் சோதியுங்கள். சாரல் நாளில் இறக்கத்தில் விரைதல் வேண்டா.

வேலை முடிந்தபின் ஒரு குறிப்பேட்டில் வண்டியின் எண், கண்ட சான்றுகள், மாற்றிய உறுப்புகள், மாற்றிய நாள் ஆகியவற்றை எழுதி வையுங்கள். மாற்றியதை மறைக்காமல் எழுதுவதே நேர்மை. அவ்வண்டியை ஐம்பது ஆண்டுகள் கழித்துத் தொட்டுப் பார்க்கப்போகும் உங்கள் பேரப்பிள்ளைக்கு, எது பாட்டனார் காலத்தது, எது உங்கள் காலத்தது என்பது அப்போது ஐயமின்றி விளங்கும்.