கயிறு கட்டி ஆகாயத்தில் ஏறும் விமானம்!
மோட்டார் கிடையாது. பெட்ரோல் கிடையாது. ஆனாலும் அது பறக்கிறது! அதன் பெயர் "கிளைடர்". நீண்ட, மெல்லிய இறக்கைகள் கொண்ட விமானம் அது.

மேலே போய்விட்டால் கவலை இல்லை. வெயிலில் காய்ந்த தரையில் இருந்து சூடான காற்று எழும்புகிறது. பருந்து இறக்கையை அசைக்காமல் வட்டமிட்டு உயருகிறதே, அது அந்தக் காற்றின் வேலைதான். கிளைடரும் அதே காற்றில் வட்டமிட்டு உயரும். மணிக்கணக்கில் பறக்கும்.

ஆனால், முதலில் மேலே போவது எப்படி?

மலை உச்சியில் இருந்து...

முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியில், விமானம் கட்டக் கடுமையான தடைகள் விதிக்கப்பட்டன. "மோட்டார் இல்லாமலே பறப்போம்" என்று இளைஞர்கள் கிளம்பினார்கள். 1920-ம் ஆண்டு வாசர்குப்பே என்ற மலையில் கூடிப் போட்டி நடத்தினார்கள். அந்த மலையின் உயரம் சுமார் 3,100 அடி.

ரப்பர் கயிற்றைக் கிளைடரின் மூக்கில் மாட்டி, சரிவில் சிலர் இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். கவணில் இருந்து கல் பாய்வதைப்போல கிளைடர் பாயும். 1922-ல் மார்ட்டென்ஸ் என்ற மாணவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் பறந்தார். சில நாட்களில் ஹென்ட்சன் என்பவர் 3 மணி நேரத்தைத் தாண்டினார்.

சரி, மலை இல்லாத ஊர்க்காரர்கள் என்ன செய்வது? அவர்களுக்குக் கை கொடுத்ததுதான் "வின்ச்".

ராட்டினமும் பட்டமும்

மைதானத்தின் ஒரு கோடியில் கிளைடர் நிற்கும். மறு கோடியில் வின்ச். அது பெரிய என்ஜின் பூட்டிய ஒரு ராட்டினம். இரண்டுக்கும் இடையே 3,000 அடி, 4,000 அடி நீளக் கயிறு கிடக்கும். பெரும்பாலும் இரும்புக் கம்பிக் கயிறு. இப்போது செயற்கை இழைக் கயிறும் வந்துவிட்டது.

கிளைடருக்கு நடுவில் ஒரே சக்கரம். ஆகவே ஒருவர் இறக்கை நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொள்வார். சைகை கிடைத்ததும் ராட்டினம் கயிற்றைச் சுருட்டும். மூன்று நான்கு விநாடிகளில் கிளைடர் தரையை விட்டுவிடும்! பையன் நூலைப் பிடித்து ஓடும்போது பட்டம் ஏறுவதைப்போல, மூக்கை வானத்துக்கு நிமிர்த்திக்கொண்டு ஏறும். வேகம் மணிக்கு 60, 70 மைல். ஒரு நிமிடம்கூட ஆகாது; விமானி கயிற்றைக் கழற்றி விடுவார்.

கயிறு நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உயரம் கிடைக்கும். மைதானம் சிறிதானால் உயரமும் குறையும். மேலே சூடான காற்று அகப்படாவிட்டால், 1,000 அடியில் இருந்து ஐந்தாறு நிமிடத்தில் தரைக்கு வர வேண்டியதுதான்.

கயிறு அறுந்தால்?

அறுவது உண்டு. இறக்கை தாங்காத அளவுக்கு இழுப்பு கூடினால், தானே உடையும்படி ஒரு உலோகத் துண்டைக் கயிற்றில் கோத்திருக்கிறார்கள். கிளைடரில் இருந்து கயிறு கழலாமல் போனால், அதை வெட்டி விட வின்ச்சிலேயே கத்தி உண்டு.

அறுந்த மறுகணமே விமானி மூக்கைக் கீழே தாழ்த்த வேண்டும். தயங்கினால் வேகம் போய்விடும். கிளைடர் கல்லைப்போல விழும். தாழ்வாக இருந்தால் நேரே இறங்கலாம். உயரமாக இருந்தால் வட்டமடித்துத் திரும்பலாம். இரண்டும் முடியாத நடு உயரத்தில் அறுந்தால்? நீண்ட மைதானத்தில் அப்படி ஒரு நிலை வராது. குறுகிய மைதானத்தில் அது உயிருக்கே ஆபத்து.

இடத்துக்காக இவ்வளவு அலைவதன் காரணம் இதுதான். நீளம் இருந்தால் மட்டும் போதாது. கழற்றி விட்ட கயிறு, சிறு பாராசூட்டுடன் காற்றில் நகர்ந்துதான் விழும். பக்கத்தில் ரோடு, வீடு, மின்சாரக் கம்பி எதுவும் இருக்கக்கூடாது. மாடு மேயக்கூடாது. ஆள் குறுக்கே நடக்கக்கூடாது. மற்ற விமானங்கள் போகும் பாதையாகவும் இருக்கக்கூடாது. இத்தனையும் பொருந்திய சமநிலம் ஒன்று கிடைத்தால், அதன்மேல் வீடு கட்டுகிறவர்களுக்கும் கண் இருக்கும்! பூனா அருகே ஹடப்சரில் 1950-ல் கிளைடர் பயிற்சி நிலையம் தொடங்கியபோது, அது ஊருக்கு வெளியே இருந்தது. பிறகு நகரம் வளர்ந்து அதைச் சுற்றி வளைத்துக்கொண்டது.

இங்கிலாந்தில் யுத்தகால விமானத் தளங்கள் பல இதற்கு உதவின. லாஷாம் என்ற தளம் 1942-ல் போருக்காகத் திறக்கப்பட்டது. 1951 முதல் அங்கே கிளைடர்கள் பறக்கின்றன. ஆனால் நிலம் சர்க்காருடையது. "காலி செய்" என்றால் எங்கே போவது? சங்கத்தினர் 1999-ல் அந்தத் தளத்தையே விலைக்கு வாங்கிவிட்டார்கள்!